எதற்காக நாம் நன்றி சொல்வது?

காலபோக நெல் வெட்டி முடிந்திருந்தது. சூடடித்து, தூற்றி, மூடை கட்டி, ஒருவாறு வீடுகளுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டோம். வீடுகள் என்று சொன்னாலும் அவற்றிற் பல தறப்பாள் கொட்டில்களே. போர் முடிந்து நாங்கள் வன்னியில் மீளக்குடியமர்ந்த பின் கண்ட இரண்டாவது அறுவடை அது. முதலாவது ஆண்டில் வயலின் ஒரு பகுதியில் மட்டுமே விதைத்தோம். மற்றப் பகுதியில் கண்ணிவெடி அகற்றி முடியும்வரை தெருவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில் முதற்பலன் திருப்பலி வைப்பதென்று பங்குச் சபையிற் தீர்மானமாயிற்று. பலிபீடத்தின் முன் பனையோலைப் பாய் விரித்து, ஒவ்வொரு குடும்பமும் தாம் விளைவித்ததைக் கொண்டுவந்து வைக்க வேண்டும். நெல், பயறு, பூசணிக்காய், கோழிமுட்டை, எதுவானாலும் சரி. இதைச் சொல்வதற்காக முதல்நாள் மாலை பங்குத்தந்தையோடு நாங்கள் சிலர் வீடுவீடாகச் சென்றோம்.

ஊரின் கடைசிக் கொட்டிலில் ஒரு தாய் இருந்தார். அவர் எங்கள் ஊரவர் அல்லர். தமது காணி விடுவிக்கப்படாததால், உறவினரின் காணித்துண்டில் கொட்டில் போட்டிருந்தார். களை பிடுங்கவும் அருவி வெட்டவும் கூலிக்கு வருவார். நாங்கள் வந்த காரியத்தைச் சொன்னதும் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பின் கேட்டார்:

“என்ரை காணியிலை விளைஞ்சதைக் கொண்டுவந்து வைக்கிறதெண்டால், சுவாமி, நான் கம்பிவேலிக்கு அங்காலை போகவேணும். போக விடுவாங்களோ? வீடு போச்சு. மாடு போச்சு. மூத்தவன் எங்கையெண்டே தெரியேல்லை. நான் எதுக்கு நன்றி சொல்லுறது? சொல்லாமல் விட்டால் ஆண்டவர் கோவிப்பாரோ?”

“இல்லை அம்மா, கோவிக்கமாட்டார்” என்று மட்டும் பங்குத்தந்தை சொன்னார். வேறொன்றும் சொல்ல அவருக்கும் வாய் வரவில்லை, எங்களுக்கும் வரவில்லை. அந்தத் தாய் பனங்கட்டித் துண்டோடு தந்த வெறுந்தேநீரைக் குடித்துவிட்டுத் திரும்பினோம்.

அந்தக் கேள்வி அவருடையது மட்டுமல்ல. இதை வாசிக்கின்ற எம்மிற் பலரும் வாய்விட்டோ மனதுக்குள்ளோ கேட்ட கேள்விதான். நன்றி சொன்னால், நடந்ததெல்லாம் சரி என்று நாம் ஒப்புக்கொண்டதாகிவிடாதா? இழந்தவற்றை மறந்துவிட்டோம் என்றாகிவிடாதா? அன்றிரவு அரிக்கன் இலாம்பைச் சுற்றி இருந்து விவிலியத்தைத் திறந்து பார்த்தோம். அங்கு கண்டவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

கூடையோடு ஒரு கதை

முதற்பலனைக் காணிக்கையாகக் கொடுக்கும் முறை இணைச்சட்ட நூலின், அதாவது உபாகமத்தின், 26ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. விளைச்சலின் முதற்பகுதியைக் கூடையில் வைத்துக் குருவிடம் கொடுக்க வேண்டும் என்பது எமக்குத் தெரிந்ததே. ஆனால் கூடையைக் கொடுத்தால் மட்டும் காரியம் முடிந்துவிடாது. கொண்டுவந்தவர் அங்கே நின்று ஒரு கதையைச் சொல்ல வேண்டும். அதையும் சட்டமே சொல்கிறது.

அது என்ன கதை? விளைச்சல் நன்றாக இருந்தது, மழை பெய்தது என்ற கதை அல்ல. எமது முன்னோர் ஊரில்லாமல் அலைந்து திரிந்தவர், சிலராக எகிப்துக்குப் போய் அங்கே அந்நியராகக் குடியிருந்தவர் என்று அது தொடங்குகிறது. அங்கே எம்மைக் கொடுமைப்படுத்தினார்கள், கடினமான வேலை சுமத்தினார்கள், நாம் ஆண்டவரை நோக்கிக் கூக்குரலிட்டோம், அவர் எமது குரலைக் கேட்டார், எமது துன்பத்தைப் பார்த்தார், எம்மை வெளியே கொண்டுவந்தார் என்று போகிறது. இவ்வளவும் சொன்ன பிறகுதான், இதோ அந்த நிலத்தின் முதற்பலன் என்று கூடையைக் காட்ட வேண்டும்.

இதை வாசித்தபோது எங்களில் ஒருவர், “இது எங்கடை கதையெல்லோ” என்றார். உண்மைதான். நன்றி சொல்வதற்கு ஆண்டவர் கற்றுக்கொடுத்த முதல் மனிதர்கள் மாளிகைக்காரர் அல்லர். இடம்பெயர்ந்து அலைந்த கமக்காரரே. தாம் பட்ட துன்பத்தை மறைத்துவிட்டு நன்றி சொல்லும்படி அவர்களிடம் கேட்கப்படவில்லை. துன்பத்தைச் சொல்வதே நன்றியின் முதற்பகுதியாக இருந்தது.

அந்தக் கதையில் இன்னொன்றையும் கவனித்தோம். கூக்குரல் முதலில் வருகிறது, நன்றி பிறகுதான் வருகிறது. கூக்குரலிட்டதற்காக ஆண்டவர் அவர்களைக் கண்டிக்கவில்லை. திருப்பாடல் நூலைப் புரட்டினாலும் இதையே காணலாம். அங்குள்ள 150 பாடல்களில் மிகப் பல முறைப்பாடுகளே. ஏன் எம்மை மறந்தீர், எவ்வளவு காலத்துக்கு இது என்று கேட்கின்ற பாடல்கள். அவையும் செபங்களே. ஆகவே அந்தத் தாயின் கேள்வியும் ஒரு செபம் என்பதை அன்றிரவு உணர்ந்தோம்.

இடம்பெயர்ந்தோர் எழுப்பிய ஆலயம்

இது இஸ்ராயேல் மக்களின் பழங்கதை மட்டுமல்ல. எமது மண்ணிலும் விசுவாசம் இவ்வாறே வேர்விட்டது.

1658இல் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் கைக்கு மாறியது. கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது. குருக்கள் வெளியேற்றப்பட்டனர். 1670இல் மாந்தையில் இருந்த 20 குடும்பங்கள் தமது ஆலயத்து மாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டன. அதே காலத்தில் யாழ்ப்பாணப் பகுதியிலிருந்து தப்பி வந்த ஏறக்குறைய 700 பேரும் வன்னிக் காட்டுக்குள் வந்து சேர்ந்தனர். அவர்கள் தங்கிய இடமே மருதமடு. இன்று சாதி மத பேதமின்றி நாடெங்கிலுமிருந்து மக்கள் வருகின்ற மடுத் திருப்பதி, இடம்பெயர்ந்த குடும்பங்கள் காட்டில் போட்ட கொட்டிலில் தொடங்கியதே.

அந்தக் காலத்தில் அவர்களிடம் குருக்கள் இல்லை, திருப்பலி இல்லை. 1687இல் கோவாவிலிருந்து யோசேவாஸ் அடிகளார் ஏழைக் கூலியாளின் கோலத்தில் மறைவாக வந்து சேரும்வரை, ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் தாய்மாரும் தந்தையரும் வீட்டுச் செபத்தாலேயே விசுவாசத்தைக் காத்தனர். வந்த குருவும் வயிற்றோட்டத்தால் நலிந்துதான் கரை சேர்ந்தார். அவருக்கும் எளிய மக்களே கஞ்சி கொடுத்துக் காப்பாற்றினர். அந்த யோசேவாஸ் அடிகளார் 2015 தை 14ஆம் திகதி கொழும்பில் புனிதராக உயர்த்தப்பட்டார். அன்று பிற்பகலே திருத்தந்தை பிரான்சிஸ் மடுவுக்கு வந்து, போரில் உறவுகளை இழந்த மக்களோடு செபித்தார்.

மடு அன்னையும் எம்மோடு அலைந்தவரே. 1990 முதல் மடு வளாகம் பல்லாயிரம் அகதிகளுக்கு வீடாயிற்று. 1999 கார்த்திகை 20ஆம் திகதி அங்கே விழுந்த எறிகணைகள் தஞ்சமடைந்திருந்த எம்மவர் பலரின் உயிரைப் பறித்தன. 2008 சித்திரையில் சொரூபமும் மடுவை விட்டுத் தேவன்பிட்டிக்கு எடுத்துச் செல்லப்பட்டு, அவ்வாண்டு ஆவணியில் மீண்டும் மடுவுக்கு வந்தது. ஆடி 2ஆம் திகதியும் ஆவணி 15ஆம் திகதியும் திருவிழாவுக்குப் போகும்போது இதையெல்லாம் நினைத்துக்கொள்வது நல்லது. நாம் நன்றி செலுத்தப் போகின்ற அந்த இடமே எமது துயரக் கதையைச் சுமந்து நிற்கின்ற இடம்.

எது நன்றி அல்ல?

இந்த விடயத்திற் தவறான போதனைகளும் எம்மிடையே உலாவுகின்றன. ஆகவே சிலவற்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

“ஆண்டவர்தான் இதைச் செய்தார், பேசாமல் ஏற்றுக்கொள்” என்பது நன்றி அல்ல. எமது வீட்டின்மேல் குண்டு போட்டவர் ஆண்டவர் அல்லர். எமது பிள்ளைகளைக் கொண்டுபோனவர் ஆண்டவர் அல்லர். மனிதர் செய்ததை ஆண்டவர்மேல் சுமத்துவது பக்தியாகாது.

“இருப்பதைக் கொண்டு திருப்திப்படு, காணியைக் கேட்காதே” என்பதும் நன்றி அல்ல. நாபோத்து என்ற கமக்காரர் தமது முன்னோரின் திராட்சைத் தோட்டத்தை அரசனுக்கே கொடுக்க மறுத்தார் என்று விவிலியம் சொல்கிறது. அந்த அநீதிக்காக அரசனைக் கண்டிக்க ஆண்டவர் எலியாவை அனுப்பினார். மன்னார் முள்ளிக்குளம் மக்கள் 2007இல் தமது கிராமத்திலிருந்து வெளியேற்றப்பட்டனர். போர் முடிந்த பின்னும் ஊரில் கடற்படை முகாம் இருந்ததால், மலங்காட்டிற் கொட்டில் போட்டு வாழ்ந்தனர். தமது ஆலயத்தில் திருப்பலி காணச் சென்ற அதே மக்கள்தாம் 2017இல் காணியைக் கேட்டு அமைதியாகப் போராடினார்கள். அவ்வாண்டு சித்திரையில் காணியின் ஒரு பகுதியை விடுவிக்க இணக்கம் காணப்பட்டது. அதே ஆண்டு பங்குனியில் கேப்பாப்புலவின் பிலவுக்குடியிருப்பு மக்களும் தெருவோரத்திற் பல நாட்கள் இருந்த பின் தமது காணிகளுக்குள் கால் வைத்தார்கள். அவர்கள் செபத்தையும் விடவில்லை, கேட்பதையும் விடவில்லை.

“மற்றவர்களைப் பார், உனக்குப் பரவாயில்லை” என்பதும் நன்றி அல்ல. ஒருவரின் கண்ணீரை மற்றவரின் கண்ணீரோடு தராசில் வைத்து நிறுக்கக் கூடாது. பிள்ளையைத் தேடுகின்ற தாயிடம், “மற்றப் பிள்ளைகள் இருக்கிறார்கள்தானே” என்று ஒருபோதும் சொல்லாதிருப்போம்.

அப்படியானால் நன்றி என்பது என்ன? எம்மிடமிருந்து எவரும் பறிக்க முடியாதபடி ஆண்டவர் இன்னும் எமக்குத் தந்துகொண்டிருப்பதைக் கண்டுகொள்வதே நன்றி. அவர் எம்மை விட்டுப் போகவில்லை என்று சாட்சி சொல்வதே நன்றி. இயேசு எப்போது நன்றி சொன்னார் என்று பாருங்கள். ஐயாயிரம் பேருக்கு ஐந்து அப்பங்களே இருந்தபோது நன்றி சொன்னார். அதுவும் ஏழைகள் உண்கின்ற வாற்கோதுமை அப்பம். போதாது என்று எல்லோருக்கும் தெரிந்த நேரம் அது. பிறகு, தாம் காட்டிக்கொடுக்கப்பட்ட இரவிலே அப்பத்தை எடுத்து மீண்டும் நன்றி சொன்னார். நற்கருணைக்குக் கிரேக்க மொழியில் வழங்கும் பெயருக்கு நன்றி செலுத்துதல் என்பதே பொருள். ஆபத்து நீங்கிய பிறகு சொன்ன நன்றி அல்ல அது. விடிந்தால் சிலுவை என்று அறிந்துகொண்டே சொன்ன நன்றி.

கொட்டிலுக்குள் கண்ட கொடைகள்

நாம் கடந்துவந்த ஆண்டுகளைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம்.

பொருளாதாரத் தடை இருந்த தொண்ணூறுகளில் மண்ணெண்ணெய் பொன்னாக இருந்தது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, சிறிதளவு எண்ணெய் விட்டு, திரியை மெல்லியதாக எரியவிட்டோம். அந்தச் சிறு சுடரைச் சுற்றியிருந்து எமது பிள்ளைகள் படித்துச் சோதனை எடுத்தார்கள். அதே சுடரில்தான் செபமாலையும் சொன்னோம். சவர்க்காரம் இல்லாதபோது பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தோம்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கான மக்கள் கொட்டும் மழையில் செம்மணி வழியாக நாவற்குழிப் பாலத்தைக் கடந்தோம். அடி எடுத்து வைக்க இடமில்லை. அந்த நெரிசலில் முன்பின் தெரியாதவர் எமது பிள்ளையைத் தோளிற் தூக்கினார். தென்மராட்சியில் ஒரு வீட்டில் பத்துக் குடும்பங்கள் இருந்தோம். வீட்டுக்காரர் தமது கிணற்றையும் அடுப்பையும் எமக்கு விட்டுத்தந்தார். அவரிடம் நாம் வாடகைச் சீட்டு எழுதவில்லை. “எவ்வளவு நாளைக்கு?” என்று அவரும் கேட்கவில்லை.

2009இல் செட்டிகுளத்து முகாம்களில் ஏறக்குறைய மூன்று இலட்சம் பேர் கம்பிக்குள் இருந்தோம். தண்ணீருக்கு வரிசை, மலசலகூடத்துக்கு வரிசை. அங்கேயும் கூடாரத்தின் ஓரத்தில் ஒருவர் இரண்டு மிளகாய்க்கன்று நட்டார். முகம் கழுவிய தண்ணீரை அதற்கு ஊற்றினார். காய்த்தபோது பக்கத்துக் கூடாரத்துக்கும் இரண்டு காய் கொடுத்தார். கமக்காரரின் கை சும்மா இருக்காது என்பதற்கு அந்தக் கன்றுகளே சாட்சி. அந்த முகாமின் கடைசிக் குடும்பங்கள் வெளியேறியது 2012 புரட்டாதியில்தான்.

பிறகு திரும்பி வந்தோம். கூரை இல்லை, யன்னல் இல்லை, கதவுநிலைகூட இல்லை. வளவு முழுவதும் பற்றை. ஆனால் வேலியில் நட்டுவிட்டுப் போன கிளுவைக் கதியால்கள் மரமாகி நின்றன. பூவரசு பூத்திருந்தது. கிணற்றை இறைத்துப் பார்த்தால் பழைய ஊற்று அப்படியே இருந்தது. அன்று அந்தத் தண்ணீரை அள்ளிக் குடித்தபோது எமது கண்கள் கலங்கியது ஏன்? இழந்ததற்காகவும்தான், இருந்ததற்காகவும்தான். அந்த இரண்டையும் பிரிக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆண்டவர் இரண்டையும் ஒரே செபமாக ஏற்றுக்கொள்வார்.

ஒரு கோழி பத்துக் குஞ்சு பொரிப்பதும், ஒடியற்கூழுக்கு நான்கு வீட்டார் ஒன்றுகூடுவதும், காய்ச்சலில் கிடந்த பிள்ளை எழுந்திருந்து பசிக்கிறது என்று கேட்பதும் சிறிய காரியங்களே. ஆனால் பெரிய காரியங்கள் எமது கையில் இல்லாத காலத்தில், இந்தச் சிறியவற்றினூடாகவே நாம் உயிர் பிழைத்தோம் என்பதை மறக்கலாகாது.

கண்ணீரோடு விதைத்தவர்கள்

திருப்பாடல் 126 கண்ணீரோடு விதைப்பவரைப் பற்றிப் பேசுகிறது. விதைக்கும்போது ஏன் அழ வேண்டும்? நகரத்தில் இருப்பவருக்கு இது விளங்காது. எமக்கு விளங்கும். வீட்டில் பிள்ளைகள் அரைவயிறாக இருக்கும்போது, மூலையில் ஒரு மூடை விதைநெல் இருக்கும். அதைக் குற்றினால் பல நாட்களுக்குச் சோறு. அதைத் தொடாமல் வைத்திருந்து, மழை வந்ததும் எடுத்துச் சேற்றில் வீச வேண்டும். பிள்ளையின் வாயிலிருந்து எடுத்து மண்ணுக்குக் கொடுப்பது போன்றது அது. அதனால்தான் விதைப்பவர் அழுகிறார்.

ஆயினும் விதைக்கிறார். அதுவே விசுவாசம். நாவினால் சொல்கின்ற விசுவாசத்தை விட, விதைநெல்லைத் தின்னாமல் வைத்திருக்கின்ற விசுவாசம் பெரியது. நன்றியும் அப்படியே. கிடைத்ததன் ஒரு பகுதியை நாளைக்காகவும் அயலவருக்காகவும் ஒதுக்கி வைப்பதில் அது வெளிப்படுகிறது.

ஆகவே அந்த ஆண்டு எங்கள் பங்கில் ஒரு சிறு முயற்சியைத் தொடங்கினோம். விரும்பும் கிராமங்கள் இதைச் செய்து பார்க்கலாம்.

முதற்பலன் திருப்பலிக்கு வந்த நெல்லை விற்றுப் பணமாக்காமல், விதைக்கு உகந்ததைத் தனியே எடுத்து வைத்தோம். விதைநெல் இல்லாத குடும்பத்துக்கு ஏக்கருக்கு இரண்டு புசல் வீதம் கொடுத்தோம். அறுவடையில் அவர்கள் அந்த இரண்டு புசலையும் அதற்கு மேல் கால் புசலையும் திருப்பித் தருவார்கள். அந்தக் கால் புசல்கள் சேரும்போது அடுத்த போகத்தில் இன்னொரு குடும்பத்துக்கு உதவும். வட்டிக்குக் கடன் கேட்டு வெயிலில் நிற்க வேண்டியதில்லை. கணக்கை இரண்டு பெண்களும் ஒரு ஆணும் எழுதுகிறார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்ததும் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுகிறார்கள்.

விதைநெல் வைப்போர் கவனிக்க வேண்டியவை சில. வெவ்வேறு இனங்கள் கலக்காத, நோயில்லாத வயற்பகுதியிலிருந்து எடுக்க வேண்டும். பல்லாற் கடித்தால் ‘டக்’கென்று உடையும்வரை நன்றாகக் காயவிட வேண்டும். ஈரம் இருந்தால் பூஞ்சணமும் வண்டும் பிடிக்கும். மூடையை வெறுந்தரையில் வைக்காது, கட்டைமேல் பலகை போட்டுச் சுவரில் முட்டாமல் வைக்க வேண்டும். காய்ந்த வேப்பிலையை இடையிடையே போடுவது எமது முதியோர் கண்ட வழி. விதைக்குமுன் 100 நெல்மணிகளை எண்ணி ஈரச் சாக்குத்துண்டில் சுற்றி வைத்து, ஒரு கிழமையில் எத்தனை முளைக்கின்றன என்று பாருங்கள். 85க்கு மேல் முளைத்தால் நல்ல விதை. குறைந்தால் வேறு விதை தேடுவதே நன்று.

பந்தியில் யார் யார்?

இணைச்சட்ட நூலின் அந்தப் பகுதியில் கடைசியாக ஒன்று இருக்கிறது. கூடையைக் கொடுத்துக் கதையைச் சொன்ன பிறகு எல்லோரும் மகிழ்ந்திருக்க வேண்டும். யாரோடு? லேவியரோடும் உங்கள் நடுவில் இருக்கின்ற அந்நியரோடும் என்று அங்கே சொல்லப்படுகிறது. இந்த இருவரையும் ஏன் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும்? லேவியருக்கு நிலப் பங்கு கிடையாது. அந்நியருக்கும் கிடையாது. அதாவது காணியில்லாதவர்களை அழைக்காமல் நன்றி விருந்து இல்லை.

இதை வாசித்தபோது எங்களுக்கு வெட்கமாக இருந்தது. அந்தத் தாயிடம், “நீங்களும் ஏதாவது கொண்டுவாருங்கள்” என்று சொல்லப் போயிருந்தோம். உண்மையில் நாங்கள் போய்ச் சொல்லியிருக்க வேண்டியது வேறு: “உங்களுக்கான பங்கு எங்கள் கூடையில் இருக்கிறது, வாருங்கள்.” காணி திரும்பக் கிடைத்தவர்கள், கிடைக்காதவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறோம். அது தருமம் அல்ல. ஆண்டவர் வகுத்த பந்தி.

அந்தப் பந்தி எமது இனத்தோடும் மதத்தோடும் முடிந்துவிடுவதும் அல்ல. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் குறுகிய அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களிற் பலர் புத்தளத்தில் நீண்ட காலம் கிடுகுக் கொட்டில்களில் வாழ்ந்தார்கள். மன்னாரிலும் முல்லைத்தீவிலும் எம்மோடு அயல் வயல் செய்தவர்கள் அவர்கள். அவர்களது கதையையும் கேட்கக் காது கொடுத்தால்தான் எமது கதையை உண்மையாகச் சொன்னவர்களாவோம்.

சுளகில் வந்த நெல்

மறுநாட் காலை, திருப்பலிக்கு முன்னரே நாங்கள் சிலர் மீண்டும் அந்தக் கொட்டிலுக்குப் போனோம். “ஒன்றும் கொண்டுவர வேண்டாம் அம்மா, நீங்கள் வந்தாற் போதும்” என்றோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

காணிக்கை நேரம் வந்தது. பங்குத்தந்தை இணைச்சட்டப் பகுதியைச் சுருக்கமாக விளக்கி, பொருளை வைப்பவர்கள் விரும்பினால் தமது கதையையும் சொல்லலாம் என்றார். முதலில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒரு முதியவர் தாம் எத்தனை தரம் இடம்பெயர்ந்தார் என்று ஊர்ப்பெயர்களை வரிசையாகச் சொன்னார். பதினொரு ஊர்கள். ஒரு இளம் தகப்பன் பூசணிக்காயை வைத்துவிட்டு, “பிள்ளை பிறந்திருக்கு” என்று மட்டும் சொன்னார்.

கடைசியாக அந்தத் தாய் வந்தார். கையில் ஒரு சுளகு. அதில் சிறிது நெல். அருவி வெட்டி முடிந்த வயலில், விதவையான ரூத்து அன்று பொறுக்கியதுபோல, சிந்திய கதிர்களைப் பொறுக்கி உதிர்த்த நெல் அது. பாயில் வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றார். தமது ஊரின் பெயரைச் சொன்னார். தமது வயலின் பெயரைச் சொன்னார். வடக்கே எது, கிழக்கே எது என்று எல்லைகளைச் சொன்னார். மகனின் பெயரையும் வயதையும் சொன்னார். பிறகு,

“நடந்ததுக்கெல்லாம் நன்றியெண்டு நான் சொல்ல வரேல்லை. என்னை விசாரிக்க ஆள் வந்தது. அதுக்குச் சொல்லுறன்” என்றார்.

கோயிலில் இருந்த ஒருவரும் அசையவில்லை. திருப்பலி தொடர்ந்தது.

அவரது காணியில் ஒரு பகுதி பின்னர் விடுவிக்கப்பட்டது. மகனைப் பற்றிச் செய்தி இல்லை. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 மாசி 20ஆம் திகதி கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கியபோது, இவரும் மகனின் படத்தோடு போய் இருந்தார். முதற்பலன் திருப்பலிக்கும் தவறாமல் வந்தார். ஒன்று மற்றதற்குத் தடையாக அவருக்குப் படவில்லை.

எம்மிற் சிலர் தமது காணிக்குத் திரும்பிவிட்டோம். வேறு சிலருக்கு அந்த நாள் இன்னும் வரவில்லை. எங்கிருந்தாலும், இந்த அறுவடைக் காலத்தில் நாமும் எமது கூடையை எடுத்துக்கொண்டு ஆண்டவர் முன் போவோம். கூடை சிறிதாக இருக்கலாம், வெறுமையாகவும் இருக்கலாம். கதையை விட்டுவிட்டுப் போக வேண்டாம். ஆண்டவர் அதையும் கேட்க இருக்கிறார்.

குழுவாக இருந்து சிந்திக்க

1. நாம் இடம்பெயர்ந்த நாட்களில் எமக்கு உதவிய ஒருவரை நினைவுகூர்வோம். அவருக்கு நாம் நன்றி சொன்னோமா? இப்போது எவ்வாறு சொல்லலாம்?

2. எமது கிராமத்தில் காணியில்லாமல், அல்லது காணிக்குத் திரும்ப முடியாமல் இருப்பவர்கள் யார்? எமது அறுவடையில் அவர்களுக்கு என்ன பங்கு?

3. எமது பிள்ளைகளுக்கு நாம் விட்டுவந்த ஊரின், வயலின், குளத்தின் பெயர்களைச் சொல்லிக்கொடுத்திருக்கிறோமா?

4. வரும் போகத்துக்கு விதைநெல் இல்லாத குடும்பங்கள் எத்தனை? பங்காக நாம் என்ன செய்யலாம்?